தடுப்பூசி: குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே உள்ள பதில்கள் இந்தியாவின் தேசிய தடுப்பூசி அட்டவணையை ஒட்டியவை. தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அங்கன்வாடிகளிலும் போடப்படுபவை இவைதான். அட்டவணைக்கு வெளியே தனியார் மருத்துவமனைகளில் மட்டும் கிடைக்கும் ஊசிகளை அந்தந்த இடத்தில் தனியாகக் குறித்திருக்கிறோம். முதல் மூன்றரை மாத ஊசிகளைப் பெரும்பாலான குடும்பங்கள் தவறவிடுவதில்லை. நழுவிப்போவதெல்லாம் ஒன்றரை வயது, ஐந்து வயது, பத்து, பதினாறு, அதன்பின் பெரியவர்களுக்கான தவணைகள்தான். அதனால் அவற்றுக்கு இங்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறோம்.

பிறந்தவுடன் என்னென்ன போட வேண்டும்?

மூன்று. காசநோய்க்கான பி.சி.ஜி., போலியோ சொட்டு மருந்து 2 துளி, ஹெபடைடிஸ் பி ஊசி. இதில் ஹெபடைடிஸ் பி மட்டும் 24 மணி நேரத்துக்குள் போயாக வேண்டும். பிரசவத்தின்போது தாயிடமிருந்து இந்தக் கிருமி குழந்தைக்குத் தொற்றினால், பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அது ஆயுள் முழுக்கக் கல்லீரலில் தங்கிவிடும். அந்தத் தொற்றைத் தடுக்கும் வேலையை முதல் நாள் ஊசிதான் செய்கிறது. ஆறாவது வாரத்தில் போடுவது அதற்கு ஈடாகாது. ஞாயிற்றுக்கிழமையோ பண்டிகை நாளோ பிரசவம் ஆனால் இந்த ஊசி தள்ளிப்போகும் வாய்ப்பு அதிகம். பிரசவ அறையிலிருந்து வார்டுக்கு வந்ததும் கேட்டுவிடுங்கள். தாய்க்கு ஹெபடைடிஸ் பி இருப்பது தெரிந்திருந்தால், 12 மணி நேரத்துக்குள் இம்யூனோகுளோபுலின் (கிருமியை உடனே எதிர்க்கும் தயார்நிலை எதிர்ப்பொருள்) ஊசியையும் மற்றத் தொடையில் போட வேண்டும். பிரசவத்துக்கு முன்பே அதை வாங்கித் தயாராக வைத்திருக்கச் சொல்லுங்கள்.

சொட்டு மருந்தின் பிறப்புத் தவணையை 15 நாள் வரை கொடுக்கலாம். பி.சி.ஜி. விடுபட்டால் ஒரு வயது முடியும் வரை போடலாம்.

பி.சி.ஜி. போட்ட இடத்தில் சீழ் வைத்திருக்கிறதே?

அது அப்படித்தான் ஆறும். இரண்டு முதல் ஆறு வாரத்துக்குள் இடது தோளில் சிறு கட்டி எழும்பும், உடைந்து லேசாக வடியும், மறுபடி பொருக்குத் தட்டும், மூன்று மாதத்துக்குள் வடுவாகிவிடும். மஞ்சள், பவுடர், எண்ணெய், களிம்பு எதுவும் வேண்டாம். பிதுக்கவும் கூடாது. குளிப்பாட்டி, ஒற்றியெடுத்தால் போதும். அக்குளில் கட்டி பெரிதாகிக்கொண்டே போனாலோ, அது மேல்தோலோடு ஒட்டிச் சிவந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். வடுவே வராத குழந்தைகளும் உண்டு. அதற்காக இரண்டாம் முறை போடத் தேவையில்லை.

ஆறாவது வாரத்தில் ஒரே நாளில் மூன்று ஊசியா? பிரித்துப் போட்டால் நல்லதில்லையா?

6ஆவது வாரமும் 14ஆவது வாரமும் கனமான நாட்கள். பென்டாவேலன்ட் இடது தொடையில், நிமோனியாவுக்கான பி.சி.வி. வலது தொடையில், போலியோ ஊசி வலது தோளில் தோலுக்குள் 0.1 மி.லி. வாய்வழியாகப் போலியோ சொட்டும், வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா வைரஸ் மருந்தும். நடுவில் வரும் 10ஆவது வாரத்தில் பென்டாவேலன்ட் ஒன்றுதான் ஊசி; மற்றவை சொட்டு.

பிரிக்கக் கூடாது. பென்டாவேலன்ட் ஊசிக்குள் தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி, ஹெபடைடிஸ் பி, மூளைக்காய்ச்சலும் நிமோனியாவும் தரும் ஹிப் கிருமி ஆகிய ஐந்துக்குமான தடுப்பு இருக்கிறது. இவற்றில் கக்குவான் இருமல் இரண்டு மூன்று மாதக் குழந்தைக்குத்தான் மிக ஆபத்து; பெரிய குழந்தையைப் போல அது இருமாது, மூச்சு நின்றுபோகும். “இன்றைக்கு ஒன்று, அடுத்த வாரம் ஒன்று” என்று பிரித்தால், அந்த இடைவெளி முழுக்கக் குழந்தை பாதுகாப்பில்லாமல் இருக்கிறது. ஊசிகளை வெவ்வேறு இடத்தில் போடுவதால் ஒன்றின் வேலையை மற்றொன்று கெடுப்பதும் இல்லை. அழுகையைக் குறைக்க வழி உண்டு: மடியில் வைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள், முதலில் வாய்ச் சொட்டு, பிறகு ஊசி, கடைசி ஊசி முடிந்த கையோடு தாய்ப்பால். சொட்டு மருந்துக்கு முன்போ பின்போ தாய்ப்பால் கொடுக்கக் கூடாது என்பது தவறான நம்பிக்கை.

ரோட்டா மருந்தைக் கக்கிவிட்டால் மறுபடி கொடுக்க வேண்டியதில்லை. போலியோ சொட்டை வாயில் விட்டதுமே துப்பிவிட்டால் அங்கேயே மறுபடி கொடுப்பார்கள். ரோட்டா கொடுத்த முதல் ஒரு வாரத்தில் குழந்தை விட்டுவிட்டு வீறிட்டு அழுது, வாந்தியும் எடுத்து, ஜெல்லி போல ரத்தம் கலந்து மலம் கழித்தால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காமல் குழந்தை அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொள்வதன் அடையாளம் அது. மிக அரிது, ஆனால் தாமதம் ஆபத்து.

காய்ச்சல் வந்தால் எவ்வளவு மருந்து?

பென்டாவேலன்ட் போட்ட அன்று மாலை காய்ச்சல், அழுகை, தொடையில் சிவப்பு ஆகியவை வருவது வழக்கம். ஒன்றிரண்டு நாளில் அடங்கும். காய்ச்சல் வருவதற்கு முன்பே மருந்து கொடுத்து வைக்க வேண்டாம். வந்தால் பாராசிட்டமால், குழந்தையின் எடையில் ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி., ஆறு மணி நேர இடைவெளியில், ஒரு நாளில் நான்கு முறைக்கு மேல் போகாமல்.

பெரிய தவறு நடப்பது பாட்டிலில்தான். துளி மருந்தாக வருவதில் பெரும்பாலும் 1 மி.லி.க்கு 100 மி.கி. இருக்கும். சிரப்பில் 5 மி.லி.க்கு 125 மி.கி. அல்லது 250 மி.கி. 5 கிலோ குழந்தைக்கு 50 முதல் 75 மி.கி. வேண்டும் என்றால், துளி மருந்தில் அது 0.5 முதல் 0.75 மி.லி.; 125 சிரப்பில் 2 முதல் 3 மி.லி.; 250 சிரப்பில் 1 முதல் 1.5 மி.லி. 125 சிரப்புக்குச் சொன்ன அளவைத் துளி மருந்திலிருந்து எடுத்தால் நான்கு மடங்கு போய்விடும். மூத்த குழந்தைக்கு வாங்கி வைத்த பாட்டிலை எடுக்கும்போது லேபிளை ஒரு முறை வாசித்துவிடுங்கள்.

ஊசி போட்ட இடத்தைத் தேய்க்க வேண்டாம். ஈரத் துணியை வைத்து எடுத்தால் போதும். வலியில்லாத சிறு முடிச்சு சில வாரம் இருந்தால் அது தானே கரையும். 48 மணி நேரம் தாண்டியும் காய்ச்சல், பால் குடிக்காமை, வலிப்பு, மூன்று மணி நேரத்துக்கு மேல் நிற்காத அழுகை, துவண்டு வெளிறிப்போதல்: இதில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவரிடம் போங்கள். ஊசி போட்டபின் அரை மணி நேரம் உட்காரச் சொல்வது, அரிதாக வரும் கடும் ஒவ்வாமை பெரும்பாலும் அந்த நேரத்துக்குள் தெரிந்துவிடும் என்பதால்தான். அதற்கான அட்ரினலின் ஊசி அங்கேயே இருக்கும்.

சளி இருக்கிறது, லேசாகக் காய்ச்சல். போடலாமா?

போடலாம். சளி, இருமல், லேசான காய்ச்சல், வயிற்றுப்போக்கு, ஆன்டிபயாட்டிக் எடுத்துக்கொண்டிருப்பது, எடைக் குறைவு – இவை எதுவும் தள்ளிப்போடக் காரணமல்ல. அதிகக் காய்ச்சலோடு சோர்ந்து கிடந்தாலோ, மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தாலோ தேறும்வரை பொறுக்கலாம். குறைமாதக் குழந்தைக்கும் பிறந்த தேதியிலிருந்து கணக்கிட்டு அதே நாட்களில்தான் ஊசி. “மாதம் நிரம்பட்டும்” என்று காத்திருந்தால், அதிக ஆபத்தில் உள்ள குழந்தையே தாமதமாகப் பாதுகாக்கப்படும்.

உண்மையான தடைகள் மிகக் குறைவு: முந்தைய தவணைக்குக் கடும் ஒவ்வாமை வந்திருந்தால் அதே ஊசி கூடாது. கக்குவான் இருமல் அடங்கிய ஊசிக்குப்பின் ஏழு நாளுக்குள் மூளை பாதிப்பு வந்திருந்தால் அந்தப் பகுதியைத் தவிர்த்துத் தொடர்வார்கள். புற்றுநோய் சிகிச்சையில் உள்ளவர்கள், இரண்டு வாரத்துக்கு மேல் அதிக அளவு ஸ்டீராய்டு எடுப்பவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோருக்கு உயிருள்ள கிருமி அடங்கிய தட்டம்மை, சின்னம்மை ஊசிகள் கூடாது. முட்டை ஒவ்வாமை தட்டம்மை ஊசிக்குத் தடையில்லை.

தட்டம்மை ஊசி ஒன்பது மாதத்தில் ஒன்று போட்டாயிற்று. ஒன்றரை வயதில் இன்னொன்று எதற்கு?

இரண்டாவது தவணையை “பூஸ்டர்தானே” என்று நினைத்து விடுவது பெரும் தவறு. தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் ஒன்பது மாதத்தில் சில குழந்தைகளிடம் இன்னும் மீதி இருக்கும். அது ஊசியின் கிருமியை வேலை செய்யவிடாது. அந்த வயதில் போட்டால் ஏறத்தாழ 100 குழந்தைகளில் 85 பேருக்குத்தான் பிடிக்கிறது. மீதிப் பதினைந்து பேர் யார் என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. 16 முதல் 24 மாதத்துக்குள் வரும் இரண்டாம் தவணை அவர்களுக்காகத்தான். தட்டம்மைபோல் பரவும் நோய் வேறில்லை. நோயாளி இருந்த அறையின் காற்றில் அவர் போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை கிருமி இருக்கும். அரசு ஊசியில் தட்டம்மையோடு ரூபெல்லாவும் சேர்ந்தே இருக்கிறது. கர்ப்பிணிக்கு ரூபெல்லா வந்தால் வயிற்றிலுள்ள குழந்தையின் கண், காது, இதயம் பாதிக்கும்.

ஊசிக்குப்பின் 5 முதல் 12 நாளில் லேசான காய்ச்சலும் சிவப்புப் புள்ளிகளும் வரலாம். அது நோயல்ல, பிறருக்குப் பரவாது. “அம்மை பார்த்துவிட்டது” என்று சாப்பாட்டை நிறுத்திவிடாதீர்கள்.

ஒன்பது மாதத்தில் அதே நாளில் பி.சி.வி. பூஸ்டரும், 2023 முதல் சேர்க்கப்பட்ட மூன்றாவது போலியோ ஊசியும், வைட்டமின் ஏ திரவம் 1 மி.லி.யும் உண்டு. வைட்டமின் ஏ பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறை 2 மி.லி. வீதம் ஐந்து வயது வரை போகும். விழுப்புரம், கடலூர் போன்ற ஜப்பானிய மூளைக்காய்ச்சல் உள்ள மாவட்டங்களில் அதற்கான ஊசியும் ஒன்பது மாதத்தில் ஒன்று, ஒன்றரை வயதில் ஒன்று. ஒன்றரை வயதில் முத்தடுப்பு ஊசியின் (தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னி) முதல் பூஸ்டரும் சொட்டு மருந்தும் இருக்கின்றன. இந்த வயதில் குழந்தை நடக்கிறது, பேசுகிறது, “நன்றாகத்தானே இருக்கிறான்” என்ற நிம்மதி வந்துவிடுகிறது. அட்டை பீரோவுக்குள் போய்விடுகிறது. எடுத்துப் பாருங்கள்.

ஐந்து வயதுக்கு மேல் என்ன இருக்கிறது?

5–6 வயதில் முத்தடுப்பு இரண்டாம் பூஸ்டர். 10 வயதிலும் 16 வயதிலும் டி.டி. – ரண ஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் சேர்ந்த ஊசி, பெரும்பாலும் பள்ளியிலேயே போடுவார்கள். சம்மதக் கடிதத்தில் கையெழுத்திடாமல் திருப்பி அனுப்பும் பெற்றோர் கொஞ்சமல்ல. தொண்டை அடைப்பானுக்கு எதிரான பாதுகாப்பு ஆண்டுகள் போகப் போகத் தேய்ந்துவிடும். 2016இல் கேரளத்தின் மலப்புரத்தில் அந்த நோய் திரும்ப வந்தபோது பாதிக்கப்பட்டவர்களில் பதின்வயதினர் நிறைய. ஊசியே போடாதவர்கள், அல்லது பாதியில் நிறுத்தியவர்கள். தொண்டையில் சாம்பல் நிறப் படலம் வந்து மூச்சை அடைக்கும் நோய் அது. அதன் நச்சு இதயத்தையும் தாக்கும்.

பதின்வயதுப் பிள்ளைகள் ஊசியைப் பார்த்து மயங்கி விழுவது உண்டு. காலையில் சாப்பிட்டுப் போகட்டும், போட்டபின் அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கட்டும்.

ஒரு தவணை தவறிவிட்டது. முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?

வேண்டாம். இடைவெளி எவ்வளவு நீண்டாலும், போட்டது கணக்கில் இருக்கும். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் போதும். இடைவெளி நீள்வதைவிடக் குறைவதுதான் சிக்கல்: பென்டாவேலன்ட் தவணைகளுக்கு நடுவே நான்கு வாரத்துக்குக் குறையக் கூடாது. இரண்டு உயிருள்ள கிருமி ஊசிகளை ஒரே நாளில் போடலாம். இல்லையென்றால் நான்கு வாரம் விட வேண்டும்.

வயது எல்லைகள் உண்டு. பி.சி.ஜி.யும், ரோட்டா, பென்டாவேலன்ட் ஆகியவற்றின் முதல் தவணையும் ஒரு வயதுக்குள். தொடங்கிவிட்டால் மீதியை ஒரு வயதுக்குப் பிறகும் முடிக்கலாம். அரசுத் திட்டத்தில் சொட்டு மருந்தும் தட்டம்மை ஊசியும் ஐந்து வயது வரை, முத்தடுப்பு ஏழு வயது வரை. மூன்று வயது வரை எதுவுமே போடாத குழந்தையைக் கூட்டிக்கொண்டு போனால், ஒரு மாத இடைவெளியில் முத்தடுப்பும் சொட்டும் மூன்று முறை, தட்டம்மை–ரூபெல்லா இரண்டு முறை, ஆறு மாதம் கழித்து பூஸ்டர் என்று திட்டம் போட்டுத் தருவார்கள். திட்டுவார்களோ என்று தயங்கிக் குழந்தையை வீட்டில் வைத்திருக்க வேண்டாம்.

அட்டை தொலைந்துவிட்டது.

தாய் சேய் நல அட்டை இல்லாவிட்டாலும், உங்கள் பகுதி கிராம சுகாதார செவிலியரிடமோ நகர்ப்புற செவிலியரிடமோ பதிவேடு இருக்கும். கர்ப்பத்தைப் பதிந்தபோது தந்த பிக்மி எண்ணைச் சொன்னால் தேட எளிது. மத்திய அரசின் தடுப்பூசிப் பதிவுத் தளமான யு-வின்னில் பதிவான தவணைகளுக்குச் சான்றிதழை இறக்கிக்கொள்ளலாம். எங்கேயும் பதிவு கிடைக்கவில்லை என்றால், போடாததாகக் கருதி மறுபடி போடுவார்கள். கூடுதலாக ஒரு தவணை போனால் கேடில்லை. அட்டையின் எல்லாப் பக்கத்தையும் இன்றைக்கே போனில் படம் எடுத்து வையுங்கள்.

அரசு மருத்துவமனையா, தனியாரா? வலியில்லாத ஊசி நல்லதா?

அட்டவணை ஊசிகள் அரசு நிலையங்களில் முழுக்க இலவசம், தரத்தில் குறைவில்லை. பல இடங்களில் புதன்கிழமைதான் தடுப்பூசி நாள். ஒரு குப்பியைத் திறந்தால் பல குழந்தைகளுக்குப் போட வேண்டியிருப்பதால் குறிப்பிட்ட நாள் வைக்கிறார்கள். பி.சி.ஜி.யும் தட்டம்மை ஊசியும் பொடியாக வரும். கரைத்தபின் நான்கு மணி நேரம்தான். அதற்கு மேல் கிருமி பெருகும். எனவே மதியத்துக்கு மேல் போய்க் கேட்டால் “அடுத்த வாரம் வாருங்கள்” என்பார்கள். காலையிலேயே போய்விடுங்கள்.

“வலியில்லா ஊசி” என்று சொல்லப்படுவது கக்குவான் கிருமியின் சில பகுதிகளை மட்டும் வைத்துச் செய்தது. காய்ச்சலும் வீக்கமும் குறைவு என்பது உண்மை. ஆனால் கக்குவானுக்கு எதிரான அதன் பாதுகாப்பு முழுக் கிருமி ஊசியைவிடச் சீக்கிரம் தேய்கிறது. முதல் மூன்று தவணைக்கு, ஒரு நாள் காய்ச்சலைத் தாங்கிக்கொண்டு முழுக் கிருமி ஊசி போடுவதே நல்லது. அங்கே பாதி இங்கே பாதி போட்டாலும் பரவாயில்லை, இரண்டும் ஒரே அட்டையில் எழுதப்பட வேண்டும்.

அரசு அட்டவணையில் இல்லாமல் தனியாரில் பரிந்துரைப்பவை: பொன்னுக்கு வீங்கியும் சேர்ந்த எம்.எம்.ஆர்., டைபாய்டு கூட்டு ஊசி ஆறு மாதத்துக்கு மேல், ஹெபடைடிஸ் ஏ ஒரு வயதுக்கு மேல், சின்னம்மை 15 மாதத்துக்கு மேல் இரண்டு தவணை, ஆண்டுதோறும் ப்ளூ ஊசி. பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் டைபாய்டு ஊசியை முதலில் வையுங்கள். நம் ஊர்த் தண்ணீரில் அது தேவைப்படும்.

ஊசி ஆட்டிசத்தை வரவழைக்கும் என்கிறார்களே?

1998இல் லான்செட் இதழில் வந்த ஒரு கட்டுரையிலிருந்து கிளம்பிய பயம் அது. தரவுகள் நேர்மையற்றவை என்று தெரிந்து 2010இல் இதழே அதைத் திரும்பப் பெற்றது. டென்மார்க்கில் ஆறரை லட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்து 2019இல் வெளியிட்ட ஆய்வில், ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் ஆட்டிசத்தில் வேறுபாடு இல்லை. ஆட்டிசத்தின் அறிகுறிகள் கண்ணில் படும் வயதும் ஒன்றரை வயது ஊசியும் ஒன்றாக வருவதால் இரண்டையும் முடிச்சுப்போடத் தோன்றுகிறது.

கருப்பை வாய்ப் புற்றுநோய் ஊசி யாருக்கு?

இந்தப் புற்றுநோயை வரவழைக்கும் எச்.பி.வி. கிருமிக்கான ஊசி, 9 முதல் 14 வயதில் இரண்டு தவணை, ஆறு மாத இடைவெளி. 15 வயதாகிவிட்டால் மூன்று தவணை. ஒரு தவணையும் நல்ல பாதுகாப்புத் தருகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் ஏற்றுக்கொண்டது. தமிழ்நாடு அரசு 2025–26 பட்ஜெட்டில் 14 வயதுச் சிறுமிகளுக்குப் படிப்படியாகப் போடும் திட்டத்தை அறிவித்தது; உங்கள் பள்ளியில் எப்போது என்று செவிலியரிடம் கேளுங்கள். கிருமி உடலுக்குள் வருமுன் போட்டால்தான் முழுப் பலன். அதனால்தான் இந்த வயது. இதற்கும் குழந்தைப் பேற்றுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஊசி போட்ட பெண்களும் 30 வயதுக்கு மேல் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

கர்ப்பிணிக்கு?

டி.டி. முதல் தவணை கர்ப்பம் தெரிந்ததும், அடுத்தது நான்கு வாரம் கழித்து. மூன்று ஆண்டுக்குள் முந்தைய கர்ப்பத்தில் இரண்டும் போட்டிருந்தால் ஒன்றே போதும். வசதியிருந்தால் ஒரு தவணையை 27–36 வாரத்துக்குள் கக்குவான் தடுப்பும் சேர்ந்த டிடாப் ஊசியாகப் போட்டுக்கொள்ளலாம். தாயின் எதிர்ப்பொருள் குழந்தைக்குப் போய், ஆறாவது வார ஊசி வரும்வரை காக்கும். ப்ளூ ஊசியும் போடலாம். ரூபெல்லா, சின்னம்மை ஊசிகள் கர்ப்பத்துக்கு ஒரு மாதம் முன்பே முடிந்திருக்க வேண்டும்.

பெரியவர்களுக்கு எதற்கு ஊசி? ஆணி குத்தினால் டி.டி. போடுகிறோமே?

“ஆறு மாதத்துக்கு ஒரு டி.டி.” என்ற வழக்கத்துக்கு அடிப்படை இல்லை. சிறுவயது ஊசிகளை முடித்தவருக்குப் பத்து ஆண்டுக்கு ஒன்று போதும். மண், சாணம், துரு பட்ட ஆழமான காயமென்றால், கடைசி ஊசி போட்டு ஐந்து ஆண்டு தாண்டியிருந்தால் ஒன்று. அடிக்கடி போட்டால் கை வீங்குவதுதான் மிச்சம். மறுபுறம், 50 வயதுக்கு மேற்பட்ட பலர் குழந்தையில் ஒரு ஊசிகூடப் போடாதவர்கள். அவர்களுக்கு மூன்று தவணை வேண்டும்: இன்று, ஒரு மாதம் கழித்து, பிறகு ஆறு முதல் 12 மாதம் கழித்து.

ஹெபடைடிஸ் பி ஊசியைச் சிறுவயதில் போடாதவர்கள் 0, 1, 6 மாதம் என மூன்று முறை, தோளில் போட்டுக்கொள்ளலாம். செவிலியர், ஆய்வகப் பணியாளர், தூய்மைப் பணியாளர் ஆகியோர் தவறாமல் போட வேண்டும்; டயாலிசிஸ் செய்பவருக்கு இரட்டை அளவில் நான்கு தவணை. சர்க்கரை நோய், ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்களும் 65 வயதைத் தாண்டியவர்களும் ஆண்டுதோறும் ப்ளூ ஊசியும், ஒரு முறை நிமோனியா ஊசியும் போட்டுக்கொள்வது நல்லது. ப்ளூ நம் பக்கம் வடகிழக்குப் பருவமழையோடு, அக்டோபர்–நவம்பரில் ஏறும், செப்டம்பருக்குள் போட்டுவிடுங்கள். 50 வயதுக்கு மேல் அக்கிக்கான ஊசி இரண்டு தவணை, 2 முதல் 6 மாத இடைவெளியில், தனியாரில் கிடைக்கிறது; விலை அதிகம்.

நாய் கடித்தால் டி.டி. போட்டால் போதுமா?

போதாது. இந்தக் குழப்பம் உயிரைப் பறிக்கிறது. காயத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள் எதுவும் வேண்டாம். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போனால் வெறிநாய்க்கடித் தடுப்பூசி இலவசம்: தோலுக்குள் இரண்டு கையிலும் 0.1 மி.லி., 0, 3, 7, 28ஆம் நாட்களில். தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால், காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் வேண்டும், கேட்டு வாங்குங்கள். நாய் வீட்டு நாயாக இருந்தாலும், குட்டியாக இருந்தாலும் இதேதான். 28ஆம் நாள் ஊசியை விட்டுவிடாதீர்கள்.

வெளிநாடு போகிறவர்கள் என்ன போட வேண்டும்?

ஹஜ் பயணத்துக்கு மூளையுறைக் காய்ச்சலைத் தடுக்கும் மெனிங்கோகாக்கல் ஊசி கட்டாயம். ஆப்பிரிக்காவின் பல நாடுகளுக்கும் தென் அமெரிக்காவின் சில நாடுகளுக்கும் மஞ்சள் காய்ச்சல் ஊசிச் சான்றிதழ் வேண்டும். அதை எல்லா மருத்துவமனையிலும் போட முடியாது. அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டும்தான். சென்னையில் கிண்டி கிங் நிறுவனம் அவற்றில் ஒன்று. முன்கூட்டியே நாள் கேட்டு, பாஸ்போர்ட்டோடு போக வேண்டும். ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும், அதன்பின் ஆயுளுக்கும் செல்லும். டிக்கெட் எடுக்கும்போதே இந்தப் பத்து நாளையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.